நாலு மணிக்குப் பூட்டும் பால்வாடி

எங்கள் தெருமுனைப் பால்வாடிக்கு இரண்டே படிகள். மேல்படியில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கீழ்ப்படியில் டீச்சர். கதவு பூட்டியாகிவிட்டது. சாவிக்கொத்து அவன் கையில். ஒவ்வொரு சாவியாகத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. "மூணுக்கு அப்பறம் என்ன சாமி?" என்று டீச்சர் கேட்டதும் மறுபடி முதலிலிருந்து. மணி நாலேகால் இருக்கும்.

"ஏனுங்க டீச்சர், இன்னும் கெளம்பலையா?"

"இவங்கம்மா வரோணுமுங்க. எப்பவும் பக்கத்து வீட்டம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்க. இன்னிக்கு அவங்களுக்கு ஒடம்புக்குச் சரியில்லீங்களாமா. கம்பெனி அஞ்சரைக்குத்தான் விடும்."

புலம்பலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அவருடைய வேலை நேரம் முடிந்துவிட்டது. வீட்டில் அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனாலும் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கம்பெனி என்றால் பனியன் கம்பெனி. காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைக்கு வெளியே வரலாம். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், வீடு வந்து சேர ஒன்பதாகும். தையல், கைமடி, செக்கிங், பிசிறு வெட்டுவது என்று எங்கே பார்த்தாலும் பெண்கள்தான். எங்கள் பால்வாடி நாலு மணிக்குப் பூட்டிவிடும். நடுவில் விழுகிற அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தினமும் யாராவது ஒரு பெண் காசு வாங்காமல் சுமக்கிறாள். அன்றைக்கு அது டீச்சர்.

அந்தப் படியைத் தாண்டி வந்ததிலிருந்து இந்தப் பதிவு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பால்வாடி, அம்மாக்கள் வேலை பார்க்கிற நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஆறு மாதக் கைக்குழந்தையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான செலவை அரசு ஏற்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இருப்பதைக் குறைத்துப் பேச எனக்கு மனமே வராது, ஏனென்றால் நானே பால்வாடிப் பிள்ளை. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு, கிராமங்களில் இருந்த இரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கும் அன்றிலிருந்து மத்தியானச் சோறு கிடைத்தது. அப்போது மூன்று, நாலு வயதில் அலுமினியத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. சோற்றில் ஆவி பறக்கும். ஆயா அம்மா தட்டுக்கு அடியில் தன் முந்தானையை மடித்து வைத்துத்தான் கையில் கொடுப்பார், சுட்டுவிடக்கூடாது என்று. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இந்த வேலைகளில் முன்னுரிமை கொடுத்தார்கள் என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆயா அம்மா ஏன் எப்போதும் ஒரே நிறத்தில் சேலை கட்டினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இதற்கு முன்னோடியாக 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் ஆரம்பித்திருந்தது. அங்கன்வாடி என்ற பெயர் அதோடு வந்தது. எங்கள் ஊர் வாயில் மட்டும் இன்னும் பால்வாடிதான். அந்தத் திட்டத்துக்கு அடித்தளம் போட்ட அறிக்கை மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழுவுடையது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி என்று மட்டும் பலர் அவரை அறிந்திருக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. குழந்தைப் பராமரிப்பு என்று பேசும்போது மூன்று பேரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் அவர் எழுத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன். குழந்தை, அதன் அம்மா, அதைத் தூக்கிச் சுமக்கிற அக்கா. இந்த மூன்றாவது ஆளை நாம் சட்டென்று மறந்துவிடுகிறோம்.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள். தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், முட்டை, கைக்குழந்தைகள் உள்ள வீட்டுக்குச் சத்துமாவு. எடை போடுகிறார்கள், உயரம் அளக்கிறார்கள், தடுப்பூசிக்கு நினைவுபடுத்துகிறார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாட்டை ஒரு தலைமுறைக்கு முன்பே கட்டி எழுப்பிய மாநிலம் இது. அதனால்தான் மிச்சத்தையும் இங்கேயே உரிமையோடு கேட்க முடிகிறது.

மிச்சம் என்ன என்று அந்த அக்காவை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் பின்தெருவில் லைன் வீடுகள் இருக்கின்றன. வரிசை வரிசையாக நீளமான கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு அறைகள், பொதுக் குழாய். ராமநாதபுரம், தேனி, ஒடிசா, பீகார் என்று பல ஊர்க் குடும்பங்கள். போன மாதம் துணி தைக்கக் கொடுத்ததை வாங்கப் போனேன். மூன்றாவது அறை வாசலில் பதினோரு வயதுப் பெண் கணக்கு நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே உத்திரத்தில் சேலைத் தூளி. தூளியிலிருந்து ஒரு கிழிந்த துணிக் கயிறு தரையோடு வந்து அவள் கால் கட்டைவிரலில் முடிந்திருந்தது. எழுதிக்கொண்டே காலை ஆட்டுகிறாள், தூளி ஆடுகிறது. வகுத்தல் கணக்கு. மீதி வரும் இடத்தில் பென்சில் நிற்கும், காலும் நின்றுவிடும். உள்ளே சிணுங்கல் கேட்கும். மறுபடி கால் ஆடும்.

அன்றைக்குப் பள்ளிக்கூட நாள்.

"லீவா கண்ணு?"

"தம்பியப் பாத்துக்கணும்க்கா. அம்மாவுக்கு ஆர்டர்."

தம்பிக்கு ஒன்பது மாதம். அவனுக்கான சத்துமாவு பாக்கெட் வீட்டில் இருக்கிறது, எங்கள் பால்வாடியிலிருந்து ஒழுங்காக வந்துவிடுகிறது. அவனை விட்டுவிட்டுப் போக ஓர் இடம்தான் இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு மாவு உண்டு, எடை உண்டு, ஊசி உண்டு, பகலில் தங்க இடம் கிடையாது. அந்த இரண்டு வருடத்தை யார் தாங்குவது? சில வீடுகளில் அம்மா வேலையை விடுகிறாள். சில வீடுகளில் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விடுகிறாள். முதலில் ஆர்டர் வாரத்தில் இரண்டு நாள் லீவு, பிறகு அடிக்கடி, பிறகு பாடம் புரியாமல் போய்ப் போகவே பிடிக்காமல் ஆகிவிடும். பெண் படிப்பு நின்றதற்குக் காரணம் கேட்டால் "படிப்பு ஏறலைங்க" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கட்டைவிரல் கயிறு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இதைப் பற்றிப் பேசினால் நல்லவர்களே கூட இரண்டு விஷயம் சொல்கிறார்கள். முதலாவது, "நம்ம காலத்துல பாட்டி பாத்துக்கலையா?"

பார்த்துக்கொண்டார்கள். என் பாட்டியும் பார்த்துக்கொண்டார். ஆனால் லைன் வீட்டுப் பிள்ளைகள் பலரின் பாட்டி முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஊரில் இருக்கிறாள். அவளும் நூறு நாள் வேலைக்குப் போய்த்தான் மருந்து மாத்திரை வாங்குகிறாள். பத்துக்குப் பத்து அறையில் அவளுக்குப் படுக்க இடமும் இல்லை. இத்தனைக்கும் அந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள் அம்மாக்களோடு வேலையிடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதினார்கள். பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய வேலைதான் என்று சட்டத்திலேயே எழுதப்பட்ட வரி அது. எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

இரண்டாவது, "பெத்தவங்க பொறுப்பு, அல்லது வேலை குடுக்கறவங்க பொறுப்பு. அரசாங்கம் எதுக்கு?"

வேலை கொடுப்பவர்கள் கதையைப் பார்ப்போம். தேயிலைத் தோட்டங்களுக்கு 1951-ல் வந்த சட்டம், ஐம்பது பெண்கள் வேலை பார்த்தால் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. இலங்கை மலையகத் தோட்டங்களில் இப்படிப்பட்ட காப்பகத்தைப் பிள்ளை மடுவம் என்பார்கள். கொழுந்து பறிக்கிற கை வேண்டுமென்றால் அந்தக் கையில் இருக்கிற பிள்ளையை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும், மலை மேல் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்றது. 2017-ல் திருத்திய மகப்பேறு சட்டம் 26 வார விடுப்பையும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் காப்பகத்தையும் கொண்டுவந்தது. எல்லாமே நல்ல சட்டங்கள். ஆனால் எங்கள் தெருவில் இருப்பவை பவர் டேபிள்கள், அதாவது சின்னத் தையல் யூனிட்டுகள். ஒரு செட்டில் எட்டு மெஷின், பன்னிரண்டு பேர். எந்தக் கணக்கிலும் இவர்கள் முப்பதையோ ஐம்பதையோ தொட மாட்டார்கள். வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கு ஐந்து வீடு, ஐந்து முதலாளி, அவள் மட்டும்தான் தொழிலாளி. பூ கட்டுபவள், இட்லிக்கடை போடுபவள், சின்னச் சின்னக் கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள், யாருக்கும் காப்பகம் வைக்கக் கடமைப்பட்ட முதலாளி கிடையாது. டெல்லி ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணில் கிடந்த சித்தாள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மீரா மகாதேவன் 1969-ல் மொபைல் கிரெஷஸ் அமைப்பைத் தொடங்கினார். அவர் கூடாரம் போட்ட இடத்தில் சில பிள்ளைகள் பிழைத்தார்கள். ஊர் முழுக்கக் கூடாரம் போட ஒரு தொண்டு அமைப்பால் ஆகாது. தெருவுக்குத் தெரு போய்ச் சேரும் கை அரசுக்குத்தான் இருக்கிறது.

இப்போது படிப்பு. ஏனென்றால் பிள்ளையை வைத்திருப்பது மட்டும் போதாது, அந்த வயதில் அது என்னென்ன கற்றுக்கொள்கிறது!

மாண்டிசோரி என்று போர்டு போட்ட பள்ளிகளின் கட்டணத்தைப் பார்த்திருப்பீர்கள். மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தை ரோம் நகரில் சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில்தான் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு அடுக்குக் குடியிருப்பில் தனியாகத் திரிந்த பிள்ளைகளுக்காக. அவர்கள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று உரிமையாளர்கள் கவலைப்பட்டதுதான் தொடக்கம். அதாவது, எங்கள் லைன் வீட்டைப் போன்ற ஓர் இடம். அதே அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தார். கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை நம் ஊரில் பணம் இருப்பவர்களின் வாசலுக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

முடியுமா என்றால், முடியும் என்று தமிழ்நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். அலெஹான்ட்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் இங்கே 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதி மையங்களுக்கு அரை நாள் வேலைக்கு ஒரே ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்தார். வேறெதுவும் மாறவில்லை. அதே கட்டடம், அதே டீச்சர், அதே சோறு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னே வந்திருந்தார்கள். அதோடு, வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, கடுமையான ஊட்டக்குறைவு இரண்டும் அந்த மையங்களில் குறைவு. செலவைவிடப் பயன் பல மடங்கு என்று கணக்கும் போட்டுக் காட்டினார்கள்.

அரை நாள் ஆளால் எப்படி இவ்வளவு? எங்கள் டீச்சரின் ஒரு காலைப்பொழுதைப் பார்த்தால் தெரியும். நான் ஒருநாள் பத்து மணிக்குப் போயிருந்தேன். பதினெட்டுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து காக்காய்க் கதைக்குக் காத்திருந்தார்கள். டீச்சர் "ஒரு ஊர்ல ஒரு காக்கா" என்று தொடங்கினார். ஒரு கர்ப்பிணிப் பெண் வாசலில் வந்து நின்றார், எடை பார்க்க வேண்டும். பார்த்து எழுதினார். திரும்பி வந்து "அந்தக் காக்கா" என்றார். போன் அடித்தது, போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டிய விவரம் ஏதோ நிலுவையாம். ஏற்றினார். சுற்றி வட்டம் கலைந்துகொண்டிருந்தது. சமையல் சாமான் வண்டி வந்தது, மூட்டை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆயா அடுப்படியில் இருந்தார். பதினொன்றரை வரை காக்கா மரத்தை விட்டு இறங்கவே இல்லை. கடைசியில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று தானே கதையை முடித்துவைத்தாள், வடையைக் காக்காவே தின்றுவிட்டதாக. தேர்தல் சமயமென்றால் வாக்காளர் பட்டியல் வேலையும் இவர் தலையில். "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று அழகான பாடத்திட்டம் கையில் இருக்கிறது. ஆடிப் பாட நேரம்தான் இல்லை. அரை நாள் ஓர் ஆள் வந்தால் காக்கா இறங்கிவிடும். அவ்வளவு எளிமையான விஷயம் இது.

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. பெற்றோர் எதைத் தேடித் தனியார் நர்சரிக்கு ஓடுகிறார்கள் என்பதைப் புரிந்து எடுத்த முடிவு அது. ஆனால் இரண்டும் மூன்றும் வயதில் எழுதவைப்பதுதான் படிப்பு என்ற எண்ணம் அரசுக்கும் தொற்றிவிடக்கூடாது. விரல் எலும்பு முற்றாத பிள்ளைக்கு நாலு கோடு நோட்டு எதற்கு? களிமண் பிசையட்டும், புளியங்கொட்டை பொறுக்கட்டும், சாவியை எண்ணட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கனடாவின் க்யூபெக் மாகாணம் 1997-ல் ஒரு நாளைக்கு 5 டாலர் என்ற கட்டணத்தில் பிள்ளைக் காப்பகங்களைத் திறந்தது, மீதிச் செலவு மாகாண அரசுடையது. அம்மாக்கள் பெரும் எண்ணிக்கையில் வேலைக்குப் போனார்கள். ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் அங்கே சில பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதைக் காட்டின. இடங்கள் பெருகிய வேகத்துக்குத் தரம் வளரவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். பத்துக் கைக்குழந்தைக்கு ஓர் ஆள் என்று வைத்துவிட்டுக் கதவை இரவு வரை திறந்து வைப்பதை நான் கேட்கவே மாட்டேன். அது பிள்ளைகளைக் குவித்து வைப்பது. கைக்குழந்தைக்குத் தூக்கும் கை வேண்டும், பழகிய முகம் வேண்டும், அந்த முகம் மாதத்துக்கு ஒருதரம் மாறக்கூடாது.

முகம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் சம்பளம் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்குக் கொடுப்பதற்குப் பெயரே மதிப்பூதியம். 2018-ல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலம் தன் பங்கைச் சேர்த்துத் தருவதால் தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் மேல். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை, நாற்பது வருடம் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்த பெண் தொழிலாளியா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். நேரத்தை நீட்டு என்று நான் கேட்கும்போது, அந்த நேரத்தை இதே டீச்சரின் முதுகில் ஏற்றச் சொல்லவில்லை. மாலைக்கு வேறு ஆள், கைக்குழந்தைகளுக்குத் தனி அறை, இரண்டு பேர். எல்லோருக்கும் முறையான சம்பளம். லைன் வீடுகளிலேயே இந்த வேலைக்குத் தகுதியான பெண்கள் இருக்கிறார்கள், பயிற்சி கொடுத்தால் போதும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்ற ஏற்பாடு இருக்கிறது. பக்கத்துக் கர்நாடகத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்காகக் கிராமப் பஞ்சாயத்துகளில் கூசின மனெ, அதாவது பிள்ளையின் வீடு என்று திறந்திருக்கிறார்கள். பெயரே எவ்வளவு நன்றாக இருக்கிறது.

2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உணவு உரிமை வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்று. எங்கள் பகுதியில் மையம் இருக்கிறது, அதனால் அது அப்படியே பொருந்தாது. ஆனால் எண்ணிக்கை பேசும் என்பதை அந்த உத்தரவிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் டீச்சரும் ஒரு நாற்பது பக்க நோட்டோடு லைன் வீடுகளுக்குப் போனோம். ஞாயிறு என்பதால் எல்லோரும் இருந்தார்கள், பாதிப் பேர் துணி துவைத்துக்கொண்டு. கதவு கதவாக எழுதினோம். பிள்ளையின் வயது, அம்மாவின் வேலை, வேலை விடும் நேரம், அதுவரை யார் பார்க்கிறார்கள். பீகார்ப் பெண் ஒருவர் தன் பிள்ளையின் வயதை விரல் காட்டிச் சொன்னார். ஒரு அப்பா, "ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து நான்தான் பகல்ல பாக்கறேனுங்க, கண்ணு அசந்துருது" என்றார். நடுவரிசை அறையில் ஒரு பாட்டி நாற்பது பேரன் பேத்திகளை வளர்த்த தெம்போடு எங்களுக்கு மோர் கொடுத்தார். நாலாவது பக்கம் முடியும்போது இரண்டு வயதுக்குக் கீழே பத்தொன்பது பிள்ளைகள், அதற்கு மேலே முப்பத்திநாலு. "யார் பார்க்கிறார்கள்" என்ற கட்டத்தில் "அக்கா" என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தோம்.

கட்டைவிரலில் கயிறு கட்டியிருந்த பெண்தான் கூட வந்து எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டினாள். இடுப்பில் தம்பி. நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தவளும் அவள்தான். "அம்பத்தி மூணு வருதுக்கா" என்றாள். கலெக்டரிடம் கொடுக்கப்போகும் மனுவில் அந்த எண்ணைத்தான் எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் பத்துப் பேர் போகிறோம், பவர் டேபிளில் அரை நாள் லீவு கேட்டிருக்கிறார்கள்.